கீழக்கரையிலிருந்து துபாய்க்கு: விமான டிக்கெட் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வளைகுடாவிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. ஆனால் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் ஒன்றுகூட இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம், அங்கிருந்து நாம் ஏற முடியாது. அதனால் நமக்கு டிக்கெட் வாங்குவதில் எப்போதும் இரண்டு கேள்விகள் உண்டு. எந்த இணையத் தளத்தில் வாங்குவது? எந்த ஊரில் ஏறுவது? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியிலேயே பாதி ராத்திரியைக் கழித்துவிடுகிறார்கள். தளத்துக்குத் தளம் கிடைக்கும் வித்தியாசம் அநேகமாகச் சில நூறு ரூபாய்தான். ஊரையும் தேதியையும் மாற்றிப் பார்த்தால் கிடைப்பது ஆயிரங்களில் இருக்கும். இந்தக் கட்டுரை இரண்டையும் விளக்குகிறது. இணையத்தில் இதுவரை டிக்கெட்டே போட்டதில்லை என்பவருக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தேடும் இடமும் வாங்கும் இடமும்

இணையத்தில் விமான டிக்கெட் காட்டும் தளங்கள் எல்லாம் ஒரே வேலை செய்பவை போலத் தெரியும். உண்மையில் அவை மூன்று வகை.

முதலாவது, விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்தத் தளமும் செயலியும் இருக்கின்றன. அங்கே அவர்களுடைய விமானமும் அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் நிறுவனங்களின் விமானமும் மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, இணைய ஏஜென்ட். மேக்மைட்ரிப், கிளியர்ட்ரிப், யாத்ரா, ஈஸ்மைட்ரிப் போன்றவை இந்த வகை. ஊரில் இருக்கும் டிராவல்ஸ் கடை செய்யும் வேலையையே இவை இணையத்தில் செய்கின்றன. பல நிறுவனங்களின் டிக்கெட்டைக் காட்டும், நம்மிடம் பணம் வாங்கும், டிக்கெட்டையும் அதுவே போட்டுக் கொடுக்கும்.

மூன்றாவது வகை, விலையை ஒப்பிட்டுக் காட்ட மட்டுமே இருக்கும் தேடுதளம். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் ஆகியவை இதில் சேரும். இவை பெரும்பாலும் தாங்களாக டிக்கெட் விற்பதில்லை. எந்த விமானம், யாரிடம், என்ன விலை என்று வரிசையாகக் காட்டும். ஒன்றைத் தொட்டால் அந்த விமான நிறுவனத்தின் தளத்துக்கோ ஒரு ஏஜென்ட் தளத்துக்கோ நம்மை அனுப்பிவிடும். அப்படி ஆள் அனுப்புவதும் விளம்பரமும்தான் இவற்றுக்கு வருமானம்.

தேடுவதை மூன்றாவது வகையில் செய்யுங்கள், வாங்குவதை முதல் வகையில் செய்யுங்கள். இரண்டாவது வகை, விலையில் கணிசமான வித்தியாசம் இருந்தால் மட்டும். என் கணக்கில் ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் நேரடியாக வாங்குவதே மேல். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

தேடுதளத்தில் ஒரு விலையைப் பார்த்து உள்ளே போனால் அங்கே வேறு விலை இருக்கும். இதைப் பலர் ஏமாற்று என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் அது கொஞ்சம் பழைய விலை. தேடுதளம் சற்று முன்னால் சேகரித்து வைத்ததைக் காட்டுகிறது. நாம் உள்ளே போகும் நொடியில் உண்மையான விலை மறுபடியும் கேட்கப்படுகிறது. அதற்குள் அந்த இடம் விற்றுப்போயிருக்கலாம். ஆனால் ஒரே ஏஜென்ட் தளம் ஒவ்வொரு முறையும் கடைசித் திரையில் மட்டும் ஏற்றிக் காட்டினால் அதை விட்டு விலகிவிடுங்கள்.

விலை ஏன் ஓயாமல் மாறுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு விமானத்தில் 180 இருக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே எகானமி, எல்லாமே ஒரே மாதிரி சீட். ஆனால் நிறுவனம் அதை ஒரே விலைக்கு விற்பதில்லை. முதல் சில இருக்கைகளுக்கு ஒரு விலை, அடுத்த சிலவற்றுக்குக் கொஞ்சம் அதிகம், அதற்கடுத்து இன்னும் அதிகம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயராக வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கின் விலைதான் திரையில் தெரியும். பாம்பன் மீன் ஏலத்தில் நேரம் ஆக ஆக மிச்சச் சரக்கின் விலை இறங்குமே, விமானத்தில் பொதுவாக அதற்கு நேர்மாறாக நடக்கும். கடைசி நேரத்தில் வருகிறவர் கட்டாயம் போக வேண்டியவர் என்பது நிறுவனத்துக்குத் தெரியும்.

இதிலிருந்து கையோடு பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது கீழ் அடுக்கில் இரண்டே இடம்தான் மிச்சம் என்றால், கணினி என்ன செய்யும்? பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்த விலை, இரண்டு பேருக்கு அதிக விலை என்று பிரித்துத் தராது. நாலு பேரையும் மேல் அடுக்குக்குத் தூக்கிவிடும். அதனால் குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் நாலு பேர் என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் பயணிகள் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து அதே விமானத்தைப் பாருங்கள். ஒருவருக்கான விலை இறங்கினால் கீழ் அடுக்கில் ஒன்றிரண்டு இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளை மட்டும் எப்போதும் ஒரு பெரியவரோடு ஒரே டிக்கெட்டில் வையுங்கள். தனித்தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்) ஆகிவிட்டால், விமானம் மாறும்போது ஒரு பாதிக் குடும்பத்தை ஒரு விமானத்துக்கும் மறு பாதியை அடுத்ததற்கும் மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது.

“ஒரே டிக்கெட்டைத் திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள்” என்ற பேச்சும் ஊரெங்கும் இருக்கிறது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் சென்னையிலும் ஷார்ஜாவிலும் ஆட்கள் அதே விமானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அடுக்கு தீர்ந்து அடுத்தது வந்திருக்கும். மறைமுகத் தாவலில் (இன்காக்னிட்டோ) தேடுவதால் தீங்கு ஒன்றும் இல்லை. பெரிய லாபம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதும் அப்படித்தான்.

கூட்டம் எந்தப் பக்கம் போகிறது?

வளைகுடா டிக்கெட்டில் விலையைத் தீர்மானிப்பதில் மாதத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, அவ்வளவு பங்கு திசைக்கும் இருக்கிறது.

அங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும்; அப்போது துபாயிலிருந்து இங்கே வரும் டிக்கெட் உச்சத்தில் இருக்கும். அதே விமானம் இங்கிருந்து போகும்போது அந்த அளவுக்கு நிறைவதில்லை. ஆகஸ்ட் கடைசியில் கதை தலைகீழாகும். பள்ளி திறப்பதற்குள் எல்லோரும் திரும்ப வேண்டும், அதனால் இங்கிருந்து போகிற டிக்கெட் ஏறும். புதிதாக விசா வந்து வேலைக்குப் போகிற இளைஞர், சேரும் தேதியைக் கம்பெனியிடம் கேட்டு நகர்த்த முடியுமானால், ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்த்தாலே போதும். பெரிய தொகை மிச்சமாகும்.

பெருநாளுக்கும் இதே கணக்கு. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாட்களில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், எல்லாம் ஊர் நோக்கி வருவார்கள். பெருநாள் முடிந்த வாரம் திரும்புவார்கள். ஹிஜ்ரி ஆண்டு சிறியது என்பதால் பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். ஆகவே போன ஆண்டு இந்தத் தேதியில் மலிவாகக் கிடைத்தது என்பதை நம்பி இருக்கக்கூடாது. பிறைக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கெட் பார்ப்பது நல்ல பழக்கம். டிசம்பர் கடைசியும் பொங்கலும் தீபாவளியும் சென்னை, மதுரை உள்நாட்டு டிக்கெட்டைச் சேர்த்து ஏற்றிவிடும்.

தேதியை ஒப்பிடக் கூகுள் ஃபிளைட்ஸில் இருக்கும் நாட்காட்டியைப் போல எளிதான வழி வேறில்லை. புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டையும் போட்டுவிட்டுத் தேதிப் பெட்டியைத் தொடுங்கள். மாதம் முழுக்க ஒவ்வொரு நாளுக்குக் கீழேயும் அன்றைய குறைந்த விலை சின்ன எழுத்தில் தெரியும். மலிவான நாட்கள் பச்சை நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளாகத் தேட வேண்டிய வேலையே இல்லை. ஒரு நாள் முன்னால் பின்னால் நகர்ந்தால் எவ்வளவு மாறுகிறது என்பது ஒரே பார்வையில் புரியும். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே வாங்க வேண்டாம் என்றால் விலையைக் கண்காணிக்கும் பொத்தானைத் தட்டி வையுங்கள். விலை மாறினால் மின்னஞ்சல் வரும்.

மதுரையா, திருச்சியா, சென்னையா?

நம் கடற்கரைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். திருச்சி ஏறத்தாழ 200. சென்னை என்றால் ஒரு ராத்திரி ரயில். மதுரை கிட்ட இருக்கிறது, ஆனால் அங்கிருந்து நேரடியாகப் பறக்கும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு. போட்டி குறைவாக இருக்கும் இடத்தில் விலை இறங்க அவசியம் இல்லை. திருச்சியில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்கும் கூடுதல் சேவைகள் உண்டு. 2024 ஜனவரியில் அங்கே பெரிய புதிய முனையமும் திறக்கப்பட்டது. சென்னையில் எமிரேட்ஸ், கத்தார், எதிகாட் என்று எல்லாப் பெரிய நிறுவனங்களும் இருப்பதால் போட்டி அதிகம். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்தில் இருப்பவர்கள் உள்நாட்டுப் பயணத்துக்குத் தூத்துக்குடி வாகைக்குளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சேவை இருக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் விமானக் கால அட்டவணை மாறும். போன குளிர்காலத்தில் இருந்த விமானம் இந்தக் கோடையில் இல்லாமல் போகலாம். புதிதாக ஒன்று வந்திருக்கலாம்.

தேடும்போது புறப்படும் இடத்தில் மதுரையை மட்டும் போடாமல் மதுரை, திருச்சி, சென்னை மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். கூகுள் ஃபிளைட்ஸில் ஒரே பெட்டியில் பல விமான நிலையங்களைச் சேர்க்கலாம். போய்ச் சேரும் பக்கமும் இதைச் செய்யலாம். துபாயில் தேராவில் அறை என்றால் ஷார்ஜா விமான நிலையமும் கிட்டத்தில்தான். அபுதாபியில் இறங்கினாலும் துபாய்க்குப் பேருந்து இருக்கிறது. மூன்று ஊர், மூன்று இறங்குமிடம் என்று ஒன்பது வழியும் ஒரே திரையில் வந்துவிடும்.

சரி, விலை தெரிந்துவிட்டது. இனி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட வேண்டும். கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் ஒருவர், 30 கிலோ லக்கேஜ். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. அன்றைய விலையை நீங்கள் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து டிக்கெட் 14,200 ரூபாய், அதில் 20 கிலோதான். கூடுதல் 10 கிலோவுக்கு 3,000. பேருந்துக்கு 250. ஆக 17,450. திருச்சியிலிருந்து டிக்கெட் 12,800, 30 கிலோவும் உண்டு, ஏஜென்ட் தளத்தின் சேவைக் கட்டணம் 500, பேருந்து மாறிப் போக 350. ஆக 13,650. சென்னையிலிருந்து டிக்கெட் 11,900, 30 கிலோ உண்டு, ரயிலுக்கும் எழும்பூரிலிருந்து மீனம்பாக்கம் போக ஆட்டோவுக்கும் சேர்த்து 900. ஆக 12,800. தனியாளாகப் போகிறவருக்குச் சென்னைதான் லாபம்.

இதையே நாலு பேர் குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சிக்குக் கார் வாடகை 5,500 என்றால் அது நாலாகப் பிரிந்து ஆளுக்கு 1,375 தான். ஆளுக்கு மொத்தம் 14,675. சென்னைக்கும் திருச்சிக்கும் இப்போது வித்தியாசம் ஆளுக்கு 1,875 ரூபாய். சின்னப் பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி ரயில், அப்புறம் சென்னை நெரிசல், அப்புறம் விமானம். இதைத் தவிர்க்க அந்தத் தொகையைக் கொடுக்கலாமா என்பது அவரவர் தீர்மானம். வயதான உம்மாவோ வாப்பாவோ கூட இருந்தால் நான் யோசிக்காமல் திருச்சி என்பேன்.

கிலோ கணக்கு

முதல் திரையில் தெரியும் விலையில் லக்கேஜ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எந்தத் தளமும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. ஆனால் ஊரிலிருந்து போகிறவருக்கு அதுதான் உயிர். தொதல், கருவாடு, அரைத்த மசாலாப் பொடி, ஊறுகாய், பக்கத்து வீட்டார் மகனுக்குக் கொடுத்துவிடும் பொட்டலம் எல்லாம் சேர்ந்தால் பெட்டி தானாகவே 30 கிலோவைத் தொட்டுவிடும்.

ஒரே விமானத்திலேயே இரண்டு மூன்று வகை டிக்கெட் விற்பார்கள். மலிவானதில் கைப்பை மட்டும், அடுத்ததில் 20 கிலோ, அதற்கு மேல் 30 கிலோ என்று இருக்கும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விற்கும் ‘லைட்’ வகை டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜே கிடையாது, கைப்பை மட்டும்தான். தேடுதளத்தில் எல்லாருக்கும் மேலே நிற்கும் விலை அநேகமாக இந்த மாதிரி வகையாகத்தான் இருக்கும். விமான நிலையக் கவுன்டரில் போய்க் கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தனியாக வாங்குவார்கள்; டிக்கெட் போடும்போதே சேர்த்து வாங்குவதைவிட அது எப்போதும் அதிகம். அதனால் ஒப்பிடும்போது எல்லா டிக்கெட்டையும் ஒரே கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். 30 கிலோ வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் 30 கிலோ சேர்த்த விலை என்ன என்று பாருங்கள்.

இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு உள்நாட்டு டிக்கெட், சென்னையிலிருந்து துபாய்க்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் சில நேரம் மலிவாகத் தெரியும். ஆனால் உள்நாட்டு விமானங்களில் சாதாரணமாக 15 கிலோதான் அனுமதி. உங்கள் 30 கிலோ பெட்டியில் பாதி எடைக்கு மதுரையிலேயே தண்டம் கட்ட வேண்டிவரும். அதுவே ஒரே டிக்கெட்டாக இருந்தால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கான அளவே முழு வழிக்கும் செல்லும்.

தனித்தனி டிக்கெட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடுவது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் தாமதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் போனது போனதுதான். கொழும்பு வழியாகப் போவதிலும் இதைக் கவனியுங்கள். ஸ்ரீலங்கனில் மதுரை–கொழும்பு–துபாய் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே துபாய்க்குப் போய்விடும். கொழும்பு வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று பிரித்தால் பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டும். அதற்கு இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் தேவைப்படும். தேடுதளங்கள் இப்படி ஒட்டுப்போட்ட பயணத்தையும் மலிவு என்று மேலே காட்டும். நாமாகவே விமானம் மாறிக்கொள்ள வேண்டும் என்று பொருள்படும் குறிப்பு சின்னதாக இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள்

டிக்கெட் விலைக்குள் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையப் பயனர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், எகானமிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அடங்கும். இவற்றை யாரிடம் வாங்கினாலும் கட்டியாக வேண்டும். தளத்துக்குத் தளம் மாறுவது இதற்கு மேல் ஏறும் சேவைக் கட்டணம்தான். அது பொதுவாக ஆள் கணக்கிலும் வழி கணக்கிலும் ஏறும். ஆளுக்கு 500 என்றால் நாலு பேருக்கு 2,000. டிக்கெட்டை ரத்து செய்தாலும் அது திரும்பாது.

பணம் கட்டும் திரை வரும் வரை முன்னேறி, இறுதித் தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே வரை போனதால் யாரும் பணம் எடுத்துவிட மாட்டார்கள். வழியில் கேட்காமலே சேர்த்து வைத்திருக்கும் காப்பீடு, நன்கொடை, ‘இலவச ரத்து’ என்ற பெயரில் வரும் கட்டணச் சேவை ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்திருக்கின்றன. கேட்காமல் கூடையில் சேர்ப்பதும், விலையைத் துளித்துளியாகக் கடைசியில் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தாலும் நம் கண்ணும் அங்கே இருக்க வேண்டும். இருக்கைத் தேர்வும் அப்படித்தான். குறிப்பிட்ட சீட்தான் வேண்டும் என்றில்லாதவர்கள் அந்தத் திரையைத் தாண்டிப் போய்விடலாம். செக்-இன் நேரத்தில் ஒரு சீட் தானாக வந்துவிடும்.

வங்கி அட்டைச் சலுகை உண்மையிலேயே சில நேரம் ஏஜென்ட் தளத்தை மலிவாக்கும். அதையும் இறுதித் தொகையில்தான் அளக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் திர்ஹாமிலோ டாலரிலோ வாங்கினால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை அன்னியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போய்வர இரண்டு வழி டிக்கெட் வேண்டும் என்றால், எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன் போன்ற முழுச் சேவை நிறுவனங்களில் ஒன்றாக எடுப்பது பெரும்பாலும் மலிவு. குறைந்த கட்டண நிறுவனங்களில் தனித்தனி எடுத்தாலும் ஏறத்தாழ அதே தொகைதான் வரும். போக ஒன்று, வர வேறொன்று என்று கலந்து எடுக்கும் வசதி கிடைக்கும். ஒன்றாக எடுத்த டிக்கெட்டில் போகும் பயணத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஐநூறு ரூபாய்க்காக ஏஜென்ட் தளம் வேண்டுமா?

எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான். தேதி மாறும்போதுதான் வித்தியாசம் தெரியும். விசா தாமதமாகலாம், கம்பெனி தேதியை மாற்றலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகலாம். நேரடியாக வாங்கியிருந்தால் ஒரே இடத்தில் பேசினால் போதும். ஏஜென்ட் தளம் வழியாக வாங்கியிருந்தால் விமான நிறுவனம் ஏஜென்டிடம் பேசு என்னும், ஏஜென்ட் நிறுவனத்திடமிருந்து பணம் வரட்டும் என்னும். நிறுவனத்தின் ரத்துக் கட்டணத்துக்கு மேல் ஏஜென்டின் ரத்துக் கட்டணமும் சேரும்.

சட்டத்திலும் நேரடியாக வாங்கியவருக்குக் கூடுதல் வசதி இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை இருந்து 24 மணி நேரத்துக்குள் சொன்னால், விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டுக்குத் திருத்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. எங்கே வாங்கியிருந்தாலும் இன்னொரு உரிமை உண்டு. ரத்தானால் பணம் திரும்பாது என்று எழுதியிருக்கும் டிக்கெட்டில்கூட விமான நிலையப் பயனர் கட்டணம் போன்ற வரிகளைத் திருப்பித் தந்தாக வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

பெயர் என்றதும் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். தளமோ அதை நிரப்பாமல் விடாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே போடுங்கள், இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். குடும்பப் பெயர் இல்லாதவர் அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவரவர் தளத்திலேயே அதற்கான குறிப்பு இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் வைத்திருப்பவர் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் ஊரிலுள்ள டிராவல்ஸ் கடையை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருநாள், விடுமுறைக் காலங்களுக்காகச் சில பெரிய ஏஜென்டுகள் ஒரு விமானத்தில் இருபது, முப்பது இருக்கைகளை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். இணையத்தில் விலை ஏறிய பிறகும் அவர்களிடம் பழைய விலையில் சில இடம் இருக்கும். உம்ராவுக்குக் கூட்டமாகப் போகிறவர்களுக்கும் இப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே இணையத்தில் இறுதித் தொகையைக் குறித்துக்கொண்டு கடையில் ஒரு தடவை விசாரியுங்கள். கிலோ எவ்வளவு, தேதி மாற்றலாமா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் கேளுங்கள். மொத்தமாக வாங்கிய டிக்கெட்டில் பெரும்பாலும் தேதி மாற்ற முடியாது.

வாங்கிய பிறகு

யாரிடம் வாங்கினாலும், கையில் டிக்கெட் வந்தவுடன் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், ஆறு எழுத்து பி.என்.ஆர். எண்ணையும் பயணியின் பெயரையும் போட்டுப் பாருங்கள். பெயர், தேதி, கிலோ மூன்றும் அங்கே சரியாகத் தெரிந்தால்தான் டிக்கெட் உண்மை. வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். மட்டும் போதாது. டிக்கெட் உறுதியானதும் 13 இலக்க டிக்கெட் எண் கொடுக்கும் நிறுவனங்களில் அந்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பி.என்.ஆர். மட்டும் இருந்தால், இடம் பிடித்து வைத்துவிட்டுப் பணம் கட்டாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

டிக்கெட்டை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வேண்டியிருந்தால், வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். தேடலில் மேலே வரும் எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கும். எடுத்துப் பேசினால் ஒரு செயலியை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கையே காலி செய்துவிடுவார்கள். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையோ நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும் எண்ணையோ மட்டும் பயன்படுத்துங்கள். நியாயமான பணம் வராமல் இழுத்தடித்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். இரண்டுக்கும் டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்து செய்த தேதியும் நேரமும் தெரியும் மின்னஞ்சல் ஆகியவை வேண்டும். அதனால் ரத்து செய்யும்போது போனில் சொல்லி விட்டுவிடாமல் தளத்திலோ மின்னஞ்சலிலோ செய்து, வந்த பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.